கங்காணி கூப்பிட்ட பெயர்கள்

9

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள் விஜயகலா.

நிரஞ்சன் மடிக்கணினியைத் தட்டினான். தோட்டத்துப் பழைய டிஸ்பென்சரியின் அந்தச் சின்ன அறையில் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். வெளியே ரப்பர் மரங்களின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் கதவு திறக்கும் சத்தம். பிறகு வெறுங்கால் நடை. அதன்பின், மிகத் தெளிவாக, கண்ணாடிக் கிளாசில் கரண்டி சுற்றும் சத்தம். கிளிங், கிளிங்.

"அங்க நிறுத்துங்க," என்றாள் கேஷானி.

கேஷானி வனவிலங்கு அதிகாரி. சிங்களம் தாய்மொழி, தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவாள். அவளுடைய ஜீப் வாசலில் நனைந்துகொண்டு நின்றது.

"இது கரண்டி இல்லை. கிரவா போடுற சத்தம். சரிதானே மிஸ்?"

"சரிதான். கங்காணியோட குரல்தான்," என்றாள் ஷாமிளா.

"அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்?"

ஷாமிளா ஜன்னலைப் பார்த்தாள்.

"சொல்லுங்க மிஸ். நீங்க இதைப் பத்திப் பேசின கூட்டத்துல நானும் இருந்தேன்."

"என் பேரு," என்றாள் ஷாமிளா. "கங்காணி என்னை அப்படித்தான் கூப்பிடும்."

கங்காணி ஒரு கிளி; கேஷானி சொன்ன 'கிரவா' கிளிக்குச் சிங்களப் பெயர். தோளில் சிவப்புத் திட்டும் கழுத்தில் ரோஜா நிற வளையமும் உள்ள பெரிய பச்சைக்கிளி. சிறகு முறிந்த குஞ்சாக ஒரு மாணிக்க வியாபாரியின் வீட்டில் அதிகாரிகளிடம் சிக்கியது. நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைத்திருப்பது குற்றம் என்பதால், ஷாமிளா ஆராய்ச்சிக்கென்று விசேஷ அனுமதி வாங்கி அதை இந்த அறையில் வளர்த்தாள். விடிந்ததும் எல்லாரையும் மேஸ்திரிபோல அதட்டி எழுப்புவதைப் பார்த்துத் தோட்டத்து ஆட்கள் வைத்த பெயர்தான் கங்காணி. அந்த அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது. அதன்பின் கங்காணியைக் காட்டில் விடப் பழக்கும் நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்குள் ஒரு விடிகாலையில் கூண்டோடு காணாமல் போய்விட்டது.

துப்பறிய விஜயகலாவை இரத்தினபுரியிலிருந்து வரவழைத்தவளே ஷாமிளாதான். இப்போது அவளே குற்றவாளியாக நின்றாள். கிளியைப் பிரிய மனமில்லாமல் ஒளித்துவைத்துவிட்டாள் என்பது கேஷானியின் சந்தேகம். அதற்குச் சாட்சி, அன்று இந்த அறையில் ஆராய்ச்சிக்காக ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவு. தேடி எடுத்துக் கொடுத்தவன் ஷாமிளாவின் உதவி ஆராய்ச்சியாளன் நிரஞ்சன்.

"எனக்குக் கொடுக்கவே மனசில்ல," என்றான் அவன், யாரும் கேட்காமலே. "ஆனா உண்மையை மறைக்க முடியுமா?"

அந்தச் சத்தத்துக்கு அர்த்தமே இல்லை என்று ஷாமிளா ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் அத்தனை வருட ஆராய்ச்சியும் பொய்யாகிவிடும். அர்த்தம் உண்டு என்றால் திருடியது அவள்தான். அவள் நாக்கே அவளுக்கு எதிராக வாதாடிக்கொண்டிருந்தது.

"பாலத்துக்கு மேல தண்ணி போகுது," என்றாள் கேஷானி. "வடிஞ்சதும் நாங்க போறோம். நீங்களும் ஜீப்ல வரணும் மிஸ். நாளைக்கு கோர்ட்." அவள் குரலில் கோபமில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

விஜயகலாவின் உதவியாளன் சுமன் அவள் காதருகே குனிந்தான். முன்பு ஓட்டோ ஓட்டியவன். இப்போதும் வாய் மட்டும் பிரேக் பிடிக்காது. "அக்கா, காணாமப் போனதும் கிளி, சாட்சியும் கிளி. நம்ம கூலியையாவது மனுஷங்க தருவாங்களா, இல்ல கொய்யாப்பழமா?"

"வாயை மூடிட்டு காதைத் திற. நிரஞ்சன், மீதியையும் போடுங்க."

கிளிங், கிளிங். சற்று அமைதி. மீண்டும் கிளிங், கிளிங். மறுபடி அமைதி. அதன்பின் வேறொரு சத்தம். சர்க்… சர்க்… சர்க். ஓர் இடைவெளி. மீண்டும் சர்க்… சர்க். அதே சத்தம் எங்கோ தூரத்தில் மெலிதாக ஒரு முறை. காலடிகள். கதவு மூடியது.

"அது கம்பி அறுக்கிற சத்தம்," என்றான் நிரஞ்சன் உடனே.

விஜயகலா எழுந்தாள். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். துருப்பிடித்திருந்தாலும் எல்லாம் முழுசாக இருந்தன. கதவின் பூட்டில் ஒரு கீறல் இல்லை; அதன் சாவி சமையலறை ஆணியில் தொங்குவது இங்கே எல்லாருக்கும் தெரியும். கூண்டு தொங்கிய இரும்புக் கொக்கியும் கூரையில் அப்படியே இருந்தது. கூண்டைத் தூக்கிக் கழற்றினால் வந்துவிடும்.

"சாவி போட்டு வந்தான். கூண்டைக் கழற்றி எடுத்தான். போயிட்டான்," என்றாள். "அப்போ எதை அறுத்தான்?"

நிரஞ்சன் கணினித் திரையைத் துடைத்தான்.

"ஷாமிளா, இந்தப் பேர் விஷயத்தை எனக்கு முதல்ல இருந்து சொல்லுங்க. எனக்குக் கிளியைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

இந்தக் கேள்வியில் ஷாமிளாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. வரக்காப்பொல கடைவீதியில் பிறந்தவள். எதையும் எடைபோட்டுக் கட்டிக் கொடுப்பதுபோலப் பேசுவாள்.

"கிளிக்கு நமக்கு மாதிரி தொண்டையில இல்லீங்க, மூச்சுக்குழாய் அடியில நெஞ்சுக்குள்ள இருக்குது குரல் உறுப்பு. கூடவே தடிச்ச நாக்கு. அதனால கேட்டதையெல்லாம் அப்படியே போட முடியும். ஆனா கேட்டதையெல்லாம் போடாது. இந்த இடத்துல எத்தனை சத்தம் இருக்கு! மழை, தவளை, லொறி. அதுல எதையும் கங்காணி எடுக்கல. தனக்கு வேண்டிய ஆளோட சத்தத்தைத்தான் எடுக்கும். காட்டுல கிளிகள் கூட்டமாத் திரியும்போது ஒண்ணை ஒண்ணு தனித்தனிச் சத்தத்தால கூப்பிட்டுக்கும். இங்க கூட்டம் நாங்கதானே? எங்களுக்குப் பேரு வைச்சுது. நான் காலையில தேத்தண்ணி கலக்கிட்டே வருவேன். அதனால நான் கரண்டி."

"மத்தவங்க?"

"பஞ்சவர்ணம் அக்காவுக்குத் துடைப்பச் சத்தம்."

அறை வாசலில் துடைப்பத்தோடு நின்ற பஞ்சவர்ணம் தலையாட்டினாள். "ஆமாங்க. நான் கூட்டாத நாள்லயும் கூட்டும்ங்க அது."

"பேரே பஞ்சவர்ணம்," என்றான் சுமன். "கிளிக்குச் சொந்தக்காரின்னு நினைச்சிருக்கும்."

"உங்களுக்குப் பேரு வைச்சா ஊளைச் சத்தம்தான் வைக்கும் தம்பி," என்றாள் பஞ்சவர்ணம், முகம் மாறாமல்.

விஜயகலா நிரஞ்சனைப் பார்த்தாள். "உங்களுக்கு?"

"எனக்கெல்லாம் வைக்கல," என்று சிரித்தான். "ரெண்டு வருஷமா கூண்டு கழுவுறவன். நமக்கு எதுக்கு மரியாதை?"

பாலத்தடியில் வெள்ளம் இரையும் ஓசை இங்கே வரை கேட்டது. கேஷானி தன் டிரைவரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். அவர் கையை இடுப்பளவுக்குக் காட்டினார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நெஞ்சளவு காட்டியவர்.

"சீக்கிரம் அக்கா," என்று முணுமுணுத்தான் சுமன்.

"ஷாமிளா, நீங்க உள்ள வந்ததும் கங்காணி என்ன செய்யும்? முழுசாச் சொல்லுங்க."

"கரண்டிச் சத்தம் ஒரே தடவை. உடனே 'கொய்யா'ன்னு அதட்டும். கொடுக்கிற வரைக்கும் விடாது."

"ஒரே தடவையா? நல்லா யோசிங்க."

"ஒரே தடவைதான். ஆள் வந்தாச்சே, அப்புறம் எதுக்கு…" ஷாமிளா சட்டென்று நிறுத்தினாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நீங்க இல்லாத நேரத்துல எடுத்த பதிவு இருக்கா?"

"நிறைய இருக்குங்க. ஒரு மாசமா நான் இந்த அறைக்கு வர்றதைக் குறைச்சிட்டேன். பக்கத்து அறையில இருந்துட்டே பதில் கொடுக்காம இருந்தேன். காட்டுக்குப் போகப்போற பறவை என்னைத் தேடக் கூடாதுன்னு. எப்போ மறக்கும்னு பார்க்கத்தான் பதிவு பண்ணினேன்."

"மறந்துச்சா?"

"இல்லீங்க."

அவள் கணினியைத் தன் பக்கம் இழுத்துப் பழைய பதிவு ஒன்றைப் போட்டாள். கிளிங், கிளிங். அமைதி. கிளிங், கிளிங். அமைதி. மறுபடியும், இன்னும் பலமாக. இடையில் இருந்த அந்த அமைதி வெறும் அமைதியாக இல்லை. கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கும் ஒருவருடைய அமைதி அது.

சுமனின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "அக்கா… திருடன் வந்தப்பவும் இப்படித்தானே கூப்பிட்டுச்சு."

"ஆமா. வந்தவரைப் பேர் சொல்லி வரவேற்கல. வராதவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கு." விஜயகலா கேஷானியிடம் திரும்பினாள். "மிஸ், அந்த அறையில ஷாமிளா இல்லைங்கிறதுக்கு இதைவிடச் சாட்சி வேணுமா?"

கேஷானி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "எனக்குப் புரியுது. மஜிஸ்திரேட்டுக்குப் புரியணுமே. எனக்குக் கிரவா வேணும் மிஸ். உயிரோட."

"அப்போ இன்னும் ஒரு சத்தம் பாக்கி இருக்கு."

மழையைப் பொருட்படுத்தாமல் விஜயகலா வெளியே இறங்கினாள். கட்டடத்தைச் சுற்றிவந்து, கிளி இருந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். அங்கே டிஸ்பென்சரியின் பழைய கருங்கல் படி ஒன்று. ஏறி இறங்கித் தேய்ந்தால் படியின் நடுப்பகுதிதான் தேயும். இது ஓரத்தில், கையகலத்துக்கு, குழிந்து வழவழப்பாக இருந்தது.

சுமன் குனிந்து தடவிப் பார்த்தான். "சந்தனம் அரைச்ச மாதிரி இருக்கே."

"கத்தி தீட்டின மாதிரி," என்றாள் விஜயகலா. "பால் வெட்டுற கத்தி மழுங்கியிருந்தா மரத்துப் பட்டைக்கு அடியில காயம் பட்டுடும். அப்புறம் அந்த இடத்துல பால் வராது. அதனால விடிஞ்சதும் மலைக்கு ஏறுறதுக்கு முன்னால எல்லாரும் தீட்டுவாங்க. அவங்கவங்க லயத்து வீட்டு வாசல்ல தீட்டுவாங்க. இங்க வந்து, ஒரு கிளியோட ஜன்னலுக்குக் கீழ உட்கார்ந்து தினம் தீட்டினது யாரு?"

பஞ்சவர்ணம் ஜன்னலில் முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது நல்லையா அண்ணனுங்க. அவருக்கு இந்த மலையிலதான் பால் வெட்டு. கத்தியைத் தீட்டுவாரு, உள்ள இருந்து அதுவும் தீட்டும். இவரு மறுபடி தீட்டுவாரு. விளையாட்டு மாதிரிங்க. கங்காணி காணாமப் போனதுல இருந்து ஆளு காலையில பேர் குடுக்குற பெரட்டுக்கே வரல. காய்ச்சலாம்."

கேஷானி ஜீப் கதவைத் திறந்தாள். "வீடு எங்கே?"

"மேல் டிவிஷன். ஜீப் போகாது. நடக்கணும்ங்க."

"நான் வழி காட்டுறேன்," என்றான் நிரஞ்சன். அவன் ஏற்கனவே குடையை விரித்துவிட்டிருந்தான். "நல்லையாவா! அப்பவே நினைச்சேன். சீக்கிரம் போகணும் மிஸ், கிளியை வித்துட்டான்னா?"

"வாங்க தம்பி, நீங்க இல்லாமலா?" என்றாள் விஜயகலா. மூலையில் இருந்த மாற்றுக்கூண்டை எடுத்து அவன் இன்னொரு கையில் கொடுத்தாள். அது பெரிய கூண்டு. ஒரு கையில் குடை, மறு கையில் கூண்டு. இனி அவன் யாருக்கும் போன் பேச முடியாது. "கிளி கிடைச்சா போட்டுக் கொண்டுவரணும்ல. ஒரு சாக்கும் எடுத்துக்குங்க. கூண்டு மேலயே போட்டுக்குங்க."

ரப்பர் மலை வழியாக ஏறும் படிகளில் செம்மண் தண்ணீர் ஓடியது. சுமன் நாலு படிக்கு ஒரு தடவை நின்று காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கினான்.

"பிளட் பேங்க்ல கொடுத்தா பிஸ்கட்டாவது தருவாங்க," என்று புலம்பினான்.

விஜயகலா சிரிக்கவில்லை. அவள் கண் முன்னால் போகும் குடையிலேயே இருந்தது. நிரஞ்சன் நடக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தான்.

நல்லையாவின் லயத்து அறை பூட்டியிருந்தது. பக்கத்து அறைப் பெண் ஒன்றும் சொல்லாமல், மேட்டில் இருந்த பிள்ளைக் காம்பராவின் பக்கம் மட்டும் பார்த்தாள். தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. புதியது கட்டியபின் பழையதை யாரும் திறப்பதில்லை. இப்போது அதன் கதவு லேசாகத் திறந்திருந்தது.

அவர்கள் வாசலை நெருங்கியதும் உள்ளிருந்து ஒரு மனிதர் வெளியே வந்து குறுக்கே நின்றார். ஒல்லியான உடம்பு, ரப்பர் பால் காய்ந்து கறுத்த சட்டை. கையில் வளைந்த பால் கத்தி.

"யாரும் உள்ள வராதீங்க," என்றார்.

"பார்த்தீங்களா? இவன்தான்!" என்று கத்தினான் நிரஞ்சன். "கத்தியோட நிக்கிறான் பாருங்க!"

கேஷானி தன் டிரைவரைப் பின்னால் தள்ளினாள். விஜயகலா இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு முன்னால் போனாள்.

"நல்லையா அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கங்காணி உயிரோட இருக்கா?"

"இருக்குதுங்க. கொய்யா தின்னுச்சு."

ஷாமிளா அப்படியே ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்கதான் எடுத்தீங்களா?"

நல்லையா தயங்கினார். "ஆமாங்க. நான்தான் எடுத்தேன்."

"முடிஞ்சுது!" என்றான் நிரஞ்சன். "மிஸ், கேட்டீங்கதானே?"

"எங்க இருந்து எடுத்தீங்க அண்ணே?" என்றாள் விஜயகலா.

நல்லையாவின் கண் நிரஞ்சன் பக்கம் ஒரு கணம் போய்த் திரும்பியது. உதடு இறுகியது. "நான் ஒண்ணும் சொல்லலீங்க. எங்க மச்சான் ஒரு கிளி வளர்த்து, ஆபீசருங்க வந்து, கோர்ட்டுக்கு அலைஞ்சே பாதி ஆளாயிட்டாரு. அவருகிட்ட சும்மா கிளி. என்கிட்ட இருக்கிறது சர்க்கார் கிளி. நான் ஒரு பேரைச் சொன்னா யாருங்க நம்புவாங்க? என்னைத்தான் உள்ள போடுவாங்க."

"நீங்க சொல்ல வேணாம்," என்றாள் விஜயகலா. "சொல்ல வேண்டிய ஆள் உள்ள இருக்கு. கத்தியைச் சுமன்கிட்ட கொடுங்க. ரெண்டு பேரும் அந்தப் பலா மரத்தடிக்குப் போங்க. நான் கூப்பிடுற வரைக்கும் அங்கேயே நில்லுங்க. என்ன கேட்டாலும் சத்தம் கொடுக்காதீங்க."

நல்லையா கத்தியைப் பார்த்தார். ஷாமிளாவைப் பார்த்தார். பிறகு கொடுத்தார்.

"ஷாமிளா, நீங்க சுவருக்குப் பின்னால. உங்களுக்குத்தான் கஷ்டம். என்ன நடந்தாலும் பதில் கொடுக்கக் கூடாது. மூச்சுச் சத்தம்கூட வரக் கூடாது. கேஷானி மிஸ், நீங்க இந்த ஜன்னல் ஓரமா நில்லுங்க. பார்க்க வேணாம். கேளுங்க."

கேஷானிக்குப் பாதி புரிந்தது. "ஹரி, சரி," என்றாள்.

முதலில் ஜீப் டிரைவர் உள்ளே அனுப்பப்பட்டார். அவர் இரண்டு அடி வைத்ததும் காது கிழியும் கிரீச்சல். ஒரு கிளி பருந்தைக் கண்டால் போடும் சத்தம். டிரைவர் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"அந்நியர் வந்தா இப்படி," என்றாள் விஜயகலா மெதுவாக. "பதிவுல இந்தச் சத்தம் இல்ல. ஞாபகம் வைச்சுக்குங்க." பிறகு குரலை உயர்த்தினாள். "நிரஞ்சன், கங்காணிக்கு உங்களைத் தெரியும். நீங்களே கூண்டுல போட்டுக் கொண்டுவாங்க. பயப்படாம இருக்கச் சாக்கைப் போட்டு மூடிடுங்க. செருப்பு சேறா இருக்கு, கழட்டிடுங்க."

நிரஞ்சன் ஒரு கணம் நின்றான். மறுப்பதற்கு அவனிடம் காரணம் ஒன்றும் இல்லை. செருப்பைக் கழற்றினான். கூண்டோடு உள்ளே போனான்.

வெறுங்கால் நடை. கிரீச்சல் இல்லை.

பிள்ளைகள் தூங்கிய பழைய சேலைத் தொட்டில் ஒன்றின் கயிற்றில் கங்காணி உட்கார்ந்திருந்தது. நிரஞ்சனைப் பார்த்தது. சிறகை உடம்போடு ஒட்டிக்கொண்டு மெலிந்து நின்றது. சாக்கு விரியும் சத்தம்.

கிளிங், கிளிங்.

சுவருக்குப் பின்னால் ஷாமிளா துள்ளினாள். விஜயகலா அவள் தோளை அழுத்திப் பிடித்தாள்.

அமைதி.

கிளிங், கிளிங். இன்னும் பலமாக.

ஷாமிளா தன் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். கண்ணீர் மழையோடு சேர்ந்து ஓடியது. ஒரு மாதம் பதில் கொடுக்காமல் பழகியவள் அவள். ஆனால் இந்த ஒரு நிமிடத்தைத் தாங்க அந்தப் பழக்கம் போதவில்லை. விஜயகலாவின் கையில் நகம் பதித்தாள்.

அமைதி. பிறகு தொட்டில் பக்கமிருந்து அந்த மற்றச் சத்தம். சர்க்… சர்க்… சர்க்.

கேஷானியின் கண்கள் விரிந்தன. உள்ளே கத்தியும் இல்லை, கல்லும் இல்லை.

ஓர் இடைவெளி. சர்க்… சர்க்.

பலா மரத்தடியிலிருந்து, மழையினூடே, மெலிதாக ஒரு பதில் வந்தது. சர்க்.

"அண்ணே, சொன்னாங்கதானே சத்தம் போடாதீங்கன்னு!" என்று சுமன் பதறுவது கேட்டது.

"எப்படிங்க தம்பி சும்மா நிக்கிறது? கூப்பிடுதே," என்றார் நல்லையா. சுமன் அசந்த நேரத்தில் கத்தியை எடுத்து வேரடிக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்திருந்தார்.

வெறுங்கால் நடை முதல் தூரத்துப் பதில் வரை, பதிவில் கேட்டது அத்தனையும் அதே வரிசையில் நடந்து முடிந்திருந்தது.

விஜயகலா வாசலில் போய் நின்றாள். "போதும் நிரஞ்சன். சாக்கைக் கீழ வைங்க."

அவன் திரும்பினான். முகம் வெளுத்திருந்தது.

"அந்நியர் வந்தா கத்தும். அன்னைக்குக் கத்தல. ஷாமிளா வந்தா ஒரு தடவை பேர் சொல்லிட்டுக் கொய்யா கேட்கும். அன்னைக்குக் கேட்கல. பஞ்சவர்ணம் வந்தா கூட்டும், கூட்டல. நல்லையாவோட பதில் தூரத்துல இருந்துதான் வந்துச்சு. வந்தவர் கங்காணிக்குத் தெரிஞ்சவர். ஆனா அவருக்கு அது வைச்ச பேர் ஒண்ணும் இல்ல. டிஸ்பென்சரியில அப்படி ஒரு ஆள்தான் இருக்காரு. அதை அவரே சிரிச்சுட்டே சொன்னாரு." அவள் குரல் மாறவில்லை. "கம்பி அறுக்கிற சத்தம்னு முந்திக்கிட்டுச் சொன்னீங்க. அந்த அறையில யாரும் எதையும் அறுக்கலைன்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

நல்லையா மரத்தடியிலிருந்து வந்துவிட்டார். இப்போது அவருக்குப் பயமில்லை. "கூப்பிட்ட சத்தம் கேட்டுத்தாங்க ஓடியாந்தேன். இந்த சார் சாக்கு மூடின கூண்டோட, ரப்பர் ஷீட் போடுற, இப்ப மூடிக்கிடக்கிற ரோலர் கொட்டிலுக்குள்ள போனாரு. அவரு போனப்புறம் கங்காணியை மட்டும் சட்டைக்குள்ள வைச்சுக் கொண்டாந்துட்டேன். கூண்டு அங்கேயே கிடக்குதுங்க, போயிப் பாருங்க."

கேஷானி டிரைவரை ரோலர் கொட்டிலுக்கு அனுப்பினாள். பிறகு நிரஞ்சனின் முன்னால் வந்து நின்றாள். "மிஸ் கிரவாவை ஒளிச்சு வைப்பாங்கன்னு எனக்கு முதல்ல போன் பண்ணினது நீங்க. அவங்க போனா இந்த வேலை உங்களுக்கு. சரிதானே?"

நிரஞ்சன் காலிக் கூண்டைக் கீழே வைத்தான்.

"ஷாமிளா மிஸ், நீங்க ஜீப்ல முன் சீட்ல ஏறுங்க," என்றாள் கேஷானி. "சாட்சியா. இவர் பின்னால." நல்லையாவைப் பார்த்தாள். "ஐயா, உங்களையும் கூட்டிட்டுப் போறேன். பயப்பட வேணாம். நான் இருக்கேன்."

விஜயகலா ஷாமிளா பக்கம் திரும்பி, வாசலைவிட்டு விலகினாள். "இப்போ உள்ள போங்க," என்றாள்.

ஷாமிளா உள்ளே ஓடினாள். கரண்டிச் சத்தம் ஒரே ஒரு முறை கேட்டது. அடுத்த நொடியே "கொய்யா!" என்ற அதட்டல். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். கங்காணி அவள் தோளில் ஏறிக் காதுமடலை அலகால் நெருடியது.

நிரஞ்சன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "ரெண்டு வருஷம்," என்றான் திடீரென்று. "கூண்டு கழுவினது நான். பழம் வெட்டினது நான். எல்லாப் பதிவும் நான் எடுத்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அது என்னைக் கூப்பிட்டிருந்தா…"

"கூப்பிட்டுச்சு நிரஞ்சன்," என்றாள் ஷாமிளா.

அவன் நிமிர்ந்தான்.

"நீ வந்த புதுசுல. எழுதும்போது பேனாவை டிக் டிக்னு அமுக்கிட்டே இருப்பே. அதைத்தான் எடுத்துச்சு. நீ கதவைத் திறந்தா டிக், டிக். நீ வெளியே போனா டிக், டிக். பழைய பதிவுல எல்லாம் இருக்கு, நீ கேட்டதே இல்ல. ஒரு நாளும் திரும்பிப் பார்க்கல. கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பார்த்துட்டு, அப்புறம் விட்டுடுச்சு."

மழை விட்டிருந்தது. கீழே பாலத்தடியில் வெள்ளத்தின் இரைச்சல் அடங்கியிருந்தது.

நிரஞ்சன் சட்டைப் பையில் கைவிட்டான். பேனா வெளியே வந்தது. கிளியைப் பார்த்தபடி ஒரு முறை அமுக்கினான்.

டிக்.

கங்காணி கொய்யாப்பழத்தைக் காலில் பிடித்து, விதையைத் துப்பித் துப்பித் தின்றுகொண்டிருந்தது.